முதலாம் ஆண்டில் காட்சிக்கலையும் உயிரியலும்: இரண்டையும் சேர்த்துக் கற்கலாமா?

ரோஸ் ஹில் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கேம்பிரிட்ஜ் முறையில் நடக்கும் எச்.எஸ்.சி. பள்ளி இறுதித் தேர்வில் உயிரியல், வேதியியல், ஓவியமும் வடிவமைப்பும் ஆகிய மூன்றையும் முதன்மைப் பாடங்களாக எடுத்து முடித்திருக்கிறாள். இங்கே மொரிசியஸில், ரெதுயியில் உள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் சார்ந்த பட்டப்படிப்பில் சேர்வதா, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் நுண்கலைப் பிரிவில் சேர்வதா என்று அவளால் முடிவெடுக்க இயலவில்லை. இரண்டு வளாகங்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு மற்றதை மறந்துவிட வேண்டும் என்றே உறவினர்கள் அனைவரும் சொல்கிறார்கள்.

முதலாம் ஆண்டில் இந்த இரண்டு துறைகளிலும் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். ஒரு துறையில் சேர்ந்த மாணவி மற்றத் துறையின் அறிமுகப் பாடத்தையும் எங்கேனும் கற்றுக்கொண்டால் அதனால் பயன் உண்டா, அல்லது இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிடுவாளா என்பதே என் கவலை.

மோக்கா ஓவிய ஆசிரியை எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் இப்போது விடை எழுதுகிறேன். ஓவியத் துறையில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் நாளிலிருந்தே தங்கள் கற்பனையை வண்ணங்களில் கொட்டலாம் என்று எண்ணி வருகிறார்கள். அறிமுகப் பாடத்தின் தொடக்கம் அப்படி இருக்காது. கரிக்கோலும் தாளும் கொடுத்து, எதிரே இருக்கும் பொருளை உள்ளபடி பார்க்கப் பழக்குவதில்தான் முதல் பருவத்தின் பெரும்பகுதி கழியும்.

நாற்காலியை வரையச் சொன்னால் மாணவர்கள் தங்கள் மனத்தில் உள்ள நாற்காலியைத்தான் வரைவார்கள். நான்கு கால்களும் ஒரே நீளத்தில் இருக்கும், இருக்கை சதுரமாக இருக்கும். ஆகவே நாற்காலியை விட்டுவிட்டு, அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களின் வடிவத்தை மட்டும் வரையச் சொல்வோம். வெற்றிடத்துக்கு மனத்தில் முன்கூட்டிய உருவம் எதுவும் இல்லாததால், கண் வேறு வழியின்றி உண்மையான கோணங்களையும் நீளங்களையும் அளக்கத் தொடங்கும். அதன் பிறகு புறக்கோடு, ஒளி நிழலின் படிநிலைகள், மேற்பரப்பின் தன்மை, தொலைவு, இறுதியாக நிறம் என்று பாடம் செல்லும். கலை வரலாற்றின் அறிமுகமும் உடன் நடக்கும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மகளின் இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பாரிஸில் கோபெலன் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவை நிர்வகித்த வேதியியலர் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற முறையீட்டை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை என்றும், பக்கத்தில் இருந்த மற்ற நிறங்களே கறுப்பின் தோற்றத்தை மாற்றின என்றும் கண்டு, அந்த ஆய்வை 1839இல் நூலாக வெளியிட்டார். நம் வகுப்பில் ஒரே சாம்பல் நிறத் துண்டை மஞ்சள் தாளிலும் நீலத் தாளிலும் ஒட்டிப் பார்க்கச் செய்வது அவருடைய கண்டுபிடிப்பின் நேரடித் தொடர்ச்சிதான். அது ஏன் அப்படித் தெரிகிறது என்று மாணவர் கேட்டால், விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்பணுக்கள் இருப்பதையும், அவற்றிலிருந்து வரும் செய்திகளை நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டே மூளைக்கு அனுப்புவதையும் சொல்லாமல் விடை முழுமை பெறாது. உயிரியல் படித்த பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு கதவு தானாகத் திறக்கிறது.

ஓய்வுபெற்ற உயிரியல் விரிவுரையாளர் எழுதியது:

ஆசிரியை அவர்கள் கூறியதை என் துறையின் பக்கமிருந்து தொடர்கிறேன். உயிரியலின் முதலாம் ஆண்டில் உயிரணுவின் அமைப்பு, மரபியல், படிமலர்ச்சி (பரிணாமம்), உயிரினங்களின் வகைப்பாடு, சூழலியல் ஆகியவை விரிவுரைகளாகவும், அவற்றுக்கு இணையாக ஆய்வக வகுப்புகளாகவும் நடக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் பார்த்ததை வரைய வேண்டும். உங்கள் மகள் கேம்பிரிட்ஜ் செய்முறைத் தேர்விலேயே இந்த விதிகளைப் பழகியிருப்பாள்: கூரிய கரிக்கோல், விட்டுவிட்டுச் செல்லாத ஒற்றைக் கோடு, நிழல் தீட்டக் கூடாது, குறைந்த உருப்பெருக்கத்தில் திசுக்களின் எல்லைகளை மட்டும் காட்ட வேண்டும், தனித்தனி அணுக்களை அங்கே வரையக் கூடாது. ஓவிய வகுப்பில் நிழல்தான் உயிர். இங்கே நிழல் தீட்டினால் மதிப்பெண் போய்விடும். இந்த முரண்பாட்டைக் கண்டு குழம்பும் மாணவர்கள் உண்டு. ஓவியர் ஒரு பொருள் அந்த வேளையில், அந்த ஒளியில் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பதிவுசெய்கிறார். உயிரியலர் ஒளி மாறினாலும் மாறாத அமைப்பைப் பிரித்தெடுக்கிறார். இரண்டுக்கும் முன்னால் நிகழ வேண்டிய உற்றுநோக்கல் ஒன்றுதான்.

உற்றுநோக்காமல் வரைந்தாலும், பிறர் வரைந்ததை ஆராயாமல் நம்பினாலும் என்ன நேரும் என்பதற்கு நம் தீவிலேயே உலகறிந்த சான்று இருக்கிறது. அழிந்துபோன நம் டோடோப் பறவையைப் பற்றித்தான் சொல்கிறேன். 1601இல் இங்கே வந்த கெல்டர்லாந்து என்ற டச்சுக் கப்பலின் நாட்குறிப்பில் சில கோட்டோவியங்கள் உள்ளன. இந்தத் தீவிலேயே, உயிருள்ள அல்லது அப்போதுதான் கொல்லப்பட்ட பறவையைப் பார்த்து வரையப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை அவை மட்டுமே. அவற்றில் பறவை மிதமான உடலோடு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் உலகம் மனத்தில் பதித்துக்கொண்டது ரூலாண்ட் சாவரி 1626 அளவில் ஐரோப்பாவில் தீட்டிய, கொழுத்துப் பருத்த டோடோவைத்தான்.

1865இல் மயேபூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் கிளார்க், மார் ஓ சோங்ஜ் சதுப்பு நிலத்தில் டோடோவின் எலும்புகளைப் பெருமளவில் வெளிக்கொணர்ந்தார். லண்டனில் அவற்றைப் பெற்ற ரிச்சர்ட் ஓவன் அந்நாளின் தலைசிறந்த உடற்கூற்றியலர். அவரே 1866இல் எலும்புகளைச் சாவரியின் ஓவியத்தின் புறக்கோட்டுக்குள் பொருத்தி, குறுகிக் குந்திய உருவமாக வெளியிட்டார். எலும்புகள் கையில் இருந்தும் கண் ஓவியத்தைப் பின்பற்றியது. 1872இல் அவரே நிமிர்ந்த நிலைக்கு மாற்றித் திருத்தினார், என்றாலும் பருத்த உருவம் பாடநூல்களிலிருந்தும் நினைவுப் பொருள்களிலிருந்தும் இன்றுவரை முழுமையாக நீங்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் தலைநகர் போர்ட் லூயிஸின் அருங்காட்சியகத்திலேயே, முடிதிருத்தும் தொழில் செய்த எத்தியேன் திரியூ என்ற இயற்கை ஆர்வலர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்த, ஒரே பறவைக்குரிய எலும்புக்கூடு இருக்கும்போது, ஓவியத்தையும் எலும்பையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பயிற்சியை நாம் தவறவிடுவது பெரிய இழப்பு.

இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதியது:

ஐயா, தாங்கள் எழுதியதை மதித்துப் படித்தேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதிக்க வேண்டும். இன்று நுண்ணோக்கியின் மேல் ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. இல்லாத இடத்தில் கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் வைத்தே தெளிவான படம் எடுத்துவிடுகிறோம். ஒரு தண்டின் குறுக்குவெட்டை வரைவதற்குச் செலவாகும் நேரத்தில் பல வெட்டுகளைப் படமெடுத்து, அணுக்களை எண்ணி, புள்ளியியல் முறையில் ஒப்பிட முடியும். இன்றைய உயிரியலில் வேலை தேடுபவருக்கு மூலக்கூறு நுட்பங்களும் கணினி நிரல் எழுதும் திறனும்தான் கேட்கப்படுகின்றன. வரைதலை விரும்புபவர் விரும்பிச் செய்யட்டும். அதை அறிமுகப் பாடத்தின் மையத்தில் வைப்பது, ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் பாடத்திட்டத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். அந்தத் தாயின் மகளுக்கும் இதையே சொல்வேன்: உயிரியலில் சேர்ந்தால், மீதமிருக்கும் நேரத்தில் கணினிப் பாடம் ஒன்றைக் கற்பது அவருக்கு அதிகம் உதவும்.

ஓய்வுபெற்ற உயிரியல் விரிவுரையாளர் எழுதியது:

தம்பி, கணினியும் புள்ளியியலும் தேவை என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒளிப்படம் வரைதலின் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதில்தான் வேறுபடுகிறேன்.

நுண்ணோக்கியில் ஒரு நேரத்தில் மெல்லிய ஓர் அடுக்கு மட்டுமே குவியத்தில் இருக்கும். வரைபவர் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மேலும் கீழுமாகப் பார்த்து, பல அடுக்குகளை ஒரே வரைபடத்தில் இணைக்கிறார். தாவரவியலர் ஒரு சிற்றினத்தை விவரிக்கும்போது இலை, மொட்டு, விரிந்த பூ, சூலகத்தின் வெட்டு, கனி ஆகிய வெவ்வேறு பருவத்துக்குரிய உறுப்புகளை ஒரே தாளில் காட்டுகிறார். எந்த ஒளிப்படத்திலும் ஒரே கணத்தில் இவை அனைத்தும் அமையா. உலர்தாவரச் சேகரிப்பில் அழுத்தி ஒட்டிய மாதிரி நிறத்தையும் வடிவத்தையும் இழந்திருக்கும்போது, அக்கறையோடு வரைந்த தாளைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

இன்னொரு காரணம் இதைவிடவும் ஆழமானது. ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால் இளமையில் ஓவியராக விரும்பினார். தந்தையின் வற்புறுத்தலால் மருத்துவத்துக்கு வந்தார். நரம்புத் திசுவைக் கருநிறமாக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான கோல்ஜி. அதே முறையைக் கொண்டு கஹாலும் மூளையின் வெட்டுகளைப் பார்த்தார். கோல்ஜிக்கு அங்கே இடைவெளியற்ற ஒரே வலைப்பின்னல் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் வரைந்து பழகிய கஹாலுக்கோ தனித்தனியே முடியும் அணுக்கள் தெரிந்தன. 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது, பின்வந்த ஆய்வுகள் கஹாலின் பக்கமே நின்றன. கோடு எங்கே முடிகிறது என்று கை முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பதற்காகக் கண் திரும்பத் திரும்பச் சென்று பார்க்கிறது. பொத்தானை அழுத்துபவருக்கு அந்தக் கட்டாயம் நேர்வதில்லை. படம் எடுங்கள், எண்ணுங்கள், நிரலும் எழுதுங்கள். எதை எண்ணுகிறோம் என்று அறிவதற்காக முதலில் ஒன்றையாவது வரையுங்கள்.

மோக்கா ஓவிய ஆசிரியை எழுதியது:

ஐயா அவர்களின் கருத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் டோடோவைப் பற்றிய பகுதியில் ஓவியத்தின் சார்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

சாவரி அறிவியல் நூலுக்குப் படம் வரையவில்லை. விலங்குகளும் பறவைகளும் நிறைந்த காட்சிகளை விரும்பிய அரண்மனை இரசனைக்காகத் தீட்டியவர் அவர். ரூடோல்ப் பேரரசரின் பிராகா அரசவையில் பணியாற்றியவர். அவருடைய டோடோவின் பருமன் அந்தச் சித்திரத்தின் அமைப்புக்குத் தேவைப்பட்டிருக்கலாம். கூண்டில் அடைபட்டு மிகையாக உண்ட பறவையாக இருந்திருக்கலாம். பதப்படுத்தும்போது பஞ்சு அதிகமாக அடைக்கப்பட்ட தோலாகவும் இருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் கேட்காமல் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஓவனின் செயல். அதே காலத்தில் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் மன்சூருடையது என்று கருதப்படும் டோடோ ஓவியத்தைப் பாருங்கள். சுற்றிலும் மற்றப் பறவைகள் அமைதியாக நிற்க, நடுவே டோடோ மிகையின்றி, தன் எடையைத் தானே தாங்கும் பறவையாக நிற்கிறது. இன்று ஆய்வாளர்கள் மிக நம்பத்தக்க சித்திரங்களுள் ஒன்றாக மதிப்பது அதைத்தான். முகலாய ஓவியக் கூடத்தில் பறவைகளையும் மலர்களையும் தனித்தனியே நுணுகிப் பதிவுசெய்யும் மரபு இருந்தது. ஐரோப்பிய அரசவை ஓவியத்தின் நோக்கம் வேறாக இருந்தது. இந்த வேறுபாட்டை அறிவதற்குப் பெயர்தான் கலை வரலாறு.

ஆகவே உயிரியல் மாணவருக்கு வரையும் வகுப்பு போதும் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தை வாசிக்கக் கற்பிக்கும் வகுப்பும் அவருக்கு வேண்டும். யார் வரைந்தார், எதைப் பார்த்து வரைந்தார், யாருக்காக வரைந்தார், முன்பிருந்த எந்தப் படத்தைப் பின்பற்றினார் என்ற கேள்விகளை எந்த உருவத்திடமும் கேட்கத் தெரிய வேண்டும். எதிர்மின்னி (எலக்ட்ரான்) நுண்ணோக்கியில் இயல்பாக நிறமே கிடையாது. நாளிதழ்களில் காணும் செந்நிறக் கிருமிகளும் பச்சை மகரந்தத் துகள்களும் பின்னர் நிறமூட்டப்பட்டவை. எர்ன்ஸ்ட் ஹேக்கல் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த கருவளர்ச்சிப் படங்கள் வெவ்வேறு விலங்குகளின் ஒற்றுமையை மிகைப்படுத்திக் காட்டின. குறைகள் அவர் காலத்திலேயே சுட்டப்பட்டும் அவை பல தலைமுறைப் பாடநூல்களில் மீண்டும் மீண்டும் அச்சாகின. இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒளிப்படத்தின் மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓவியம் அறிவியலுக்குப் பயன்படுகிறது என்பதாலேயே அதற்கு மதிப்பு என்ற தொனி இந்த உரையாடலில் வந்துவிடக் கூடாது. ஒரு பிள்ளை மலரை வரைவதற்கு அம்மலரின் அழகு ஒன்றே போதிய காரணம்.

வெளிநாட்டில் பயிலும் மொரிசியஸ் மாணவி எழுதியது:

நான் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பயில்கிறேன். இங்கே பல கல்லூரிகளில், எந்தத் துறையை முதன்மையாகக் கொண்டாலும், கலைப் பிரிவிலிருந்தும் ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் பிரிவிலிருந்தும் சில அறிமுகப் பாடங்களை முடித்தே பட்டம் பெற முடியும். நம் நாட்டில் பட்டப்படிப்பு முதலாண்டிலிருந்தே ஒரு துறையில் குவிந்துவிடுவதால் இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. உயிரியலுக்கே இரு வகை அறிமுகப் பாடங்கள் இருக்கும்: ஒன்று அத்துறையைத் தொடர்பவர்களுக்கு, மற்றது பிறதுறை மாணவர்களுக்கு. பின்னதை முடித்தவர் மனம் மாறி உயிரியலைத் தொடர விரும்பினால், பெரும்பாலும் முன்னதை மீண்டும் படிக்க நேரிடும். ஓவியக்கூடப் பாடமோ, மதிப்பு அலகில் (கிரெடிட்) விரிவுரைப் பாடத்துக்கு இணையாக இருந்தாலும் வாரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு நேரத்தைக் கேட்கும். அந்தச் சகோதரி வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தால், பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அது எந்த மேற்பாடத்துக்கு வழி திறக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

ரோஸ் ஹில் தாய் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மகளும் உடன் அமர்ந்து படித்தாள். அவளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிலையில் நாங்கள் இல்லை. இங்கேயே ஒன்றில் சேர்ந்தாக வேண்டுமென்றால் எதில் சேர்வது, மற்றதை எப்படித் தொடர்வது என்று வெளிப்படையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற உயிரியல் விரிவுரையாளர் எழுதியது:

அம்மா, வெளிப்படையாகவே சொல்கிறேன்: இரண்டிலும் சம ஆர்வம் இருந்தால் உயிரியலில் சேரட்டும். நுண்ணோக்கியும் வேதிப்பொருள்களும் ஆய்வக வழிகாட்டலும் வீட்டில் கிடைக்கா. வரைதலை மாலை வகுப்புகளிலும் தனிப் பயிற்சியிலும் வளர்க்க இயலும். ஆசிரியை அவர்களுக்கு இதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம்.

சேர்வதற்கு முன் இருக்கும் மாதங்களில் அவள் நம் தாவரங்களோடு பழகட்டும். கியூர்பீப் தாவரத் தோட்டத்தில் ஒரு பனைவகை மரம் நிற்கிறது. ஹயோபோர்பே அமாரிகௌலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர், அந்த இனத்தில் எஞ்சியிருப்பதாக அறியப்பட்ட ஒரே மரம் அதுதான். அதை வரைந்துகொண்டே, ஓர் இனம் ஒற்றை உயிராகச் சுருங்கினால் மரபியலில் என்ன பொருள் என்று படிக்கட்டும். லெ மோர்ன் மலைக்கே உரிய நம் தேசிய மலரையும் கவனிக்கட்டும். அதன் தேன் நிறமற்றதாக இராமல் நிறம் கொண்டிருக்கும், உலகில் மிகச் சில தாவரங்களுக்கே இந்த இயல்பு உண்டு. நம் பச்சைப் பல்லிகள் நிறமுள்ள தேனையே விரும்பி நாடுகின்றன என்று இங்கே நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. நிறத்தைப் பற்றி ஓவிய வகுப்பில் கற்றதும் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி உயிரியலில் கற்றதும் அங்கே ஒரே பூவில் சேர்ந்துவிடும்.

தம்பலகோக் மரத்தின் கதையையும் படிக்கட்டும். டோடோ விழுங்கினால்தான் அதன் விதை முளைக்கும் என்று 1977இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். அது உலகெங்கும் பரவியது. வான்கோழிகளுக்கு 17 கனிகளை ஊட்டியதில் மூன்று விதைகள் முளைத்தன என்பதே சான்று. ஊட்டப்படாத விதைகளை ஒப்பீட்டுக்காக அவர் விதைக்கவில்லை. விழுங்கப்படாத விதைகளும் முளைப்பதையும், டோடோ அழிந்த பின் முளைத்த மரங்கள் காட்டில் இருப்பதையும் பிறர் பின்னர் எடுத்துக்காட்டினர். கட்டுப்பாட்டுச் சோதனை எதற்கு என்று விளக்க இதைவிடச் சிறந்த பாடத்தை நான் என் வகுப்பில் பயன்படுத்தியதில்லை.

மோக்கா ஓவிய ஆசிரியை எழுதியது:

உடன்பாடு இல்லைதான், ஐயா. சம ஆர்வம் என்று நாம் ஊகிக்கிறோம். நீண்ட நேரம் தடையின்றி அமர்ந்திருக்கும்போது அவள் கை எதை நாடுகிறது என்பதை அவளே கண்டறிய வேண்டும். எனவே மகளுக்கு நேரடியாக ஒரு வழி சொல்கிறேன். பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்குச் சென்று, பெரிய அல்லி இலை ஒன்றை முதலில் ஒளி நிழலோடு முழுமையாக வரை. அடுத்த தாளில் அதே இலையை, உயிரியல் விதிப்படி, நிழலின்றி, அளவுகோலோடு, உறுப்புகளின் பெயர் குறித்து வரை. விளிம்பு எப்படி நிமிர்ந்து நிற்கிறது, மிதக்கும் நிலையில் வைத்தே அடிப்பக்க நரம்புகளை எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதையும் ஓரத்தில் எழுது. இதே பயிற்சியைப் போர்ட் லூயிஸில் டோடோ எலும்புக்கூட்டின் முன்னும் செய். அங்கே போகும் முன் சாவரியின் படத்தையோ மன்சூரின் படத்தையோ பார்க்காதே, வரைந்து முடித்த பிறகு இரண்டையும் எடுத்து உன் தாளோடு ஒப்பிடு. ஒவ்வொரு தாளிலும் நாளும் இடமும் குறித்துவை. முடிக்காமல் விட்டவற்றையும் கிழித்துவிடாதே. நுண்கலைப் பிரிவில் சேர்வதாக இருந்தால் அந்தத் தாள்களையும் உன் படைப்புத் தொகுப்பில் சேர்த்துக் கொண்டு வா. உயிரியலில் சேர்ந்தால் முதல் ஆய்வக வகுப்புக்கு அவற்றை எடுத்துச் சென்று உன் விரிவுரையாளரிடம் காட்டு.